இல்லாமல் போன ஓட்டை

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

பன்னிரண்டு நாளாக நீ அழைக்கும்போதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. வேலையில் இருப்பான், பிறகு பேசுவான் என்று முதல் இரண்டு நாள் நினைத்திருப்பாய். அப்புறம் புரிந்திருக்கும். உன் குரலைக் கேட்டால் என் கோபம் அரை நிமிடம்கூடத் தாங்காது. அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல். உன் கடிதத்தை என் கணினி வாசித்துக் காட்டும். அந்தக் குரலுக்குப் பாசமும் தெரியாது, கோபமும் தெரியாது. மளிகைப் பட்டியலையும் மரண அறிவிப்பையும் ஒரே மாதிரி படிக்கும். எனக்கு இப்போது அதுதான் வேண்டும்.

நடந்ததில் பாதியை என் மனைவி உனக்குச் சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன்.

அன்று வியாழக்கிழமை. டாக்டர்கள் பேசி அனுப்பிய குறிப்புகளைக் காதால் கேட்டுத் தட்டச்சு செய்து முடித்துவிட்டு, மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பினேன். பேருந்தில் ஏறி, பள்ளிக்கூட நிறுத்தத்தில் இறங்கி, குட்டியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டும். இரண்டு வருடமாகச் செய்கிற காரியம். நிறுத்தங்களை நான் விரல்விட்டு எண்ணுவேன், போனும் காதுக்குள் பெயரைச் சொல்லும், இரண்டும் ஒத்துப்போனால் இறங்குவேன். கண் தெரியாதவன் குழந்தையைக் கூட்டி வருகிறானே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. அன்று எங்கோ சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பேருந்து வேறு வழியில் திரும்பியது. என் கணக்கு அதோடு போயிற்று. போன் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். அடுத்த திருப்பத்தில் காதில் இருந்த ப்ளூடூத் ஒரு முறை முனகிவிட்டு உயிரை விட்டது.

என் பையில் ஒயர் இயர்போன் ஒன்று எப்போதும் கிடக்கும். அது சார்ஜும் கேட்காது, சோறும் கேட்காது. அதைக் கையில் எடுத்துவிட்டேன், அக்கா. எடுத்த பிறகு போனின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது. உங்கள் கம்பெனியின் போன். என் விரலைப் பிடித்து, ‘பார், இயர்போன் மாட்டுகிற ஓட்டையே இல்லை’ என்று நீயே பெருமையாகத் தடவிக் காட்டிய வழவழப்பு. சார்ஜ் போடும் வாயில் மாட்டி ஒயரைச் சேர்க்கிற நகத்தளவுத் துண்டு ஒன்று விற்கிறார்களே என்பாய். இரண்டு வாங்கினேன். ஒன்று தொலைந்துவிட்டது. இன்னொன்று ஆபீஸ் மேசையில் இருந்தது.

இறங்கிய இடம் எனக்குத் தெரியாத ஓர் அகலமான சாலை. மழை வேறு. போனைச் சத்தமாகப் பேசவிட்டுக் காதோடு வைத்துப் பார்த்தேன்; ஹாரன் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்துக் காவலாளி என்னை அழைத்திருக்கிறார். மணி அடித்தது, ஈரத் திரை என் விரலைக் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் ஒரு டயர் கடைக்காரர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார். அப்போது மணி ஐந்தே முக்கால். ஏழு வயதுக் குழந்தை இரண்டு மணி நேரம் கேட்டருகே நின்றிருக்கிறாள்.

என் மனைவி நர்ஸ். வார்டில் இருக்கும்போது அவள் போன் பெட்டியில் பூட்டியிருக்கும். வீட்டுக்கு வந்துதான் எல்லாம் தெரிந்தது. திட்டவில்லை. துண்டால் என் தலையைத் துவட்டிவிட்டுச் சொன்னாள்: “இனிமே நீங்க தனியாப் போக வேண்டாம். பக்கத்து வீட்டு டீச்சர் கூட்டிட்டு வந்துடுவாங்க.” திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதற்கெல்லாம் உன்மேல் கோபப்பட்டிருக்க மாட்டேன். மறுநாள், ஓட்டையை ஏன் எடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள உங்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். இயந்திரக் குரல் படித்தது: ‘ஒலியை மட்டுமே நம்பியிருக்கும் பார்வையற்ற பயனர் ஒருவரும், ஒயர் இல்லாததில் எந்தச் சிரமமும் இல்லை என்று எங்களிடம் தெரிவித்தார்.’

யார் அந்த ஒருவர், அக்கா?

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

அந்த ஒருவர் நீ. அதை நான் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியம் என்று அன்றைக்குத் தோன்றவும் இல்லை.

குழந்தை நின்றதை நினைத்து உடனே வீட்டுக்குப் போன் செய்தேன். அவளிடம் பேசினேன். ‘அத்தை, என் ஷூ நனைஞ்சு போச்சு’ என்றாள், அவ்வளவுதான். உன் மனைவியிடமும் பேசினேன். இதையெல்லாம் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

போனை வடிவமைக்கும் இந்தப் பிரிவுக்கு வருவதற்கு முன்பு, பழுதாகித் திரும்பி வரும் போன்களைப் பிரித்துப் பார்க்கும் இடத்தில் நான் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் ஊசி. அந்த ஓட்டைக்குள்ளிருந்து நான் எடுத்தவை: பஞ்சு, மணல், முறிந்த இயர்போன் முனை, ரொட்டித் தூள், ஒரு முறை உயிரோடு ஒரு எறும்பு. தண்ணீர் புகுந்து செத்த போன்களில் பாதிக்கு அதுதான் வாசல். அந்த ஓட்டை மூன்றரை மில்லிமீட்டர்தான் என்பார்கள். ஆனால் உள்ளே அது பிடிக்கும் இடத்தில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கான பேட்டரி வைக்கலாம். அழகுக்காக எடுத்தோம் என்று ஊரே பேசுகிறது. நான் அதற்காக எடுக்கவில்லை. அன்று அத்தனை மழையில் கையில் பிடித்துக்கொண்டு நின்றாயே, அந்தப் போன் இன்னும் வேலை செய்கிறதா இல்லையா? உன் பழைய போனாக இருந்தால் அன்றே ஆயுசு முடிந்திருக்கும்.

சோதனைக்கு உன்னை அழைத்த அன்று நீ என்ன சொன்னாய் என்பது ஒலிப்பதிவில் இருக்கிறது. “சூப்பரா இருக்குக்கா. ஒயரே வேண்டாம்.” உன் குரல், உன் சொல். நான் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. சிரமம் இருந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? ஊரில் இருக்கிற எல்லோரும் என்னிடம் பொய் சொல்லலாம். நீ சொல்ல மாட்டாய் என்றுதான் உன்னை அழைத்தேன்.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

போன் பிழைத்துக்கொண்டது. அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லை.

நான் பொய் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏன் சொன்னேன் என்று ஆறு நாளாக யோசித்தேன்.

அந்தச் சோதனை அறை உனக்கு நினைவிருக்கும். கம்பளம் விரித்து, கதவெல்லாம் பஞ்சு வைத்து, காலடிச் சத்தத்தையே விழுங்குகிற அறை. மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தாய். நீயே டீ கொண்டுவந்து கொடுத்தாய். எனக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி கிறீச்சிட்டது. உன் அதிகாரி அதில் உட்கார்ந்திருந்தார். உன் குரல் வழக்கத்தைவிட ஒரு படி மேலே இருந்தது. பரீட்சை முடிவு வரும் நாள்களில் உனக்கு அப்படி ஆகும்.

ப்ளூடூத்தைக் காதில் வைத்து, போனைக் கையில் கொடுத்தாய். திரையில் விரலை நகர்த்தினேன். பெயர் வரிசையில் என் விரல் ஒரு பெயரைத் தாண்டி அடுத்ததற்குப் போன பிறகுதான் முந்தைய பெயர் காதில் விழுந்தது. கால் வைத்த பிறகு ‘படி இருக்கு’ என்று சொல்கிறவனோடு நடப்பது மாதிரி. உங்களைப் போன்றவர்கள் பாட்டுக் கேட்கும்போது அந்தத் தாமதம் தெரியவே தெரியாது. எனக்குத் திரையே அந்தக் குரல்தான். முதல் நிமிடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

நீ என்னிடம் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்கவில்லை. “நல்லாதானே இருக்கு?” என்று கேட்டாய். அந்தத் ‘தானே’வுக்குப் பிறகு ‘இல்லை’ என்று சொல்வதற்குக் கல்மனசு வேண்டும். நான்கு வருடமாக நீ எந்த விடுமுறைக்கும் வரவில்லை. வேலை, வேலை என்றாய். அது எல்லாம் இந்தப் போன்தான் என்று புரிந்தது. நான் தலையாட்டினேன். எனக்கு என்ன, பழைய போன் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். பிறகு நீயே புதுப் போனை அனுப்பிவைத்தாய். பழையது மேசை இழுப்பறைக்குப் போயிற்று. அக்கா செய்த போனை வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா?

ஓட்டையைத் திரும்பக் கொடு என்று நான் கேட்கவில்லை. அந்த வரியில் இருந்து என்னை எடுத்துவிடு. யாரோ ஒரு கண் தெரியாதவர் கடையில் நின்று, இன்னொரு கண் தெரியாதவரே நன்றாக இருக்கிறது என்றாராமே என்று நம்பி இதை வாங்கிக்கொண்டு போகக் கூடாது.

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

பதிவை மறுபடியும் கேட்டேன். கொஞ்ச நாள் கொடு.

அக்கா


மார்ச் 29

ரேடியோவுக்கு,

அந்தப் பெயரில் உன்னை அழைக்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை. சின்ன வயதில் வாய் மூடாமல் பேசுவாயே, அதற்காக வைத்த பெயர். உனக்குப் பிடிக்காததைச் சொல்லத் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. மணிக்கணக்காகப் பேசுகிறவனிடம் யார் போய், நீ எதைச் சொல்லாமல் விட்டாய் என்று கேட்பார்கள்?

பதிவு நாற்பது நிமிடம். மூன்று முறை கேட்டேன். பதினோரு ‘தானே’ இருந்தது. ஓர் இடத்தில் நீ பதில் சொல்வதற்கு முன்பு மூச்சை இழுக்கிறாய். அது நன்றாகக் கேட்கிறது. அன்றைக்கும் கேட்டிருக்கும். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

எங்கள் பிரிவின் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சோதனை தவறு, செய்தவள் நான், சொன்னவர் என் தம்பி என்று. உறவுக்காரரை வைத்துச் சோதித்தேன் என்பதை நான் அதுவரை எழுத்தில் சொல்லியிருக்கவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எட்டு லட்சம் போன் வெளியே போய்விட்டது, அதைத் திரும்ப அழைக்க முடியாது என்றார். பிறகு, அடுத்த மாடலின் வடிவத்தை ஜூனில் முடிவு செய்ய வேண்டும், அதற்குள் சோதனையை ஒழுங்காகச் செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “நீங்க அந்த ரூமுக்குள்ள இருக்கக் கூடாது.”

அந்த வரியை இணையப் பக்கத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த மாடலின் பொறுப்பையும் என்னிடம் இருந்து எடுத்துவிட்டார்கள். உன்னால்தான் என்று நினைத்து வருந்தாதே. நீ அப்படி நினைப்பாய் என்று தெரிந்தும் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு: நாம் இரண்டு பேரும் இனி ஒருவர் மனம் நோகாமல் இருக்க எதையும் மறைப்பதாக இல்லை.

கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். கம்பெனிக்காரராக இருக்கக் கூடாது, குரலைக் கவனிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உன் பெயரைச் சொன்னேன்; ஓட்டை வேண்டும் என்கிற கட்சிக்காரர் என்பதையும் சேர்த்தே சொன்னேன். தலைவர் யோசித்துவிட்டு, பதிவுகளை வேறு இருவர் சரிபார்ப்பார்கள் என்றால் சரி என்றார். உனக்குச் சம்மதமா? முடியாது என்றால் முடியாது என்று எழுது.

அக்கா


மே 11

அக்காவுக்கு,

ரேடியோ இன்னும் ஒலிபரப்பில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நான்கு வாரம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முப்பத்து நான்கு பேரைக் கேட்டு முடித்தேன். பஞ்சு வைத்த அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேருந்து நிலையத்திலும், மார்க்கெட்டிலும், ஆஸ்பத்திரி வரிசையிலும் உட்கார்ந்து கேட்டேன். முதல் நாள் நானே ஒருவரிடம், ‘இது கஷ்டமாத்தானே இருக்கு?’ என்று கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தப் பதிவை விலக்கிவைத்தேன். உன்னைத் திட்டியதில் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

விவரமெல்லாம் தனியாக அனுப்பியிருக்கிறேன். இங்கே சிலரைப் பற்றி மட்டும்.

பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ‘ஓட்டையா? அப்படி ஒண்ணு இருந்துச்சா?’ என்று கேட்டவரும் உண்டு. எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. ஒன்பது பேருக்கு ஒயர் இல்லாமல் ஆகாது. பார்சல் கொண்டுபோகிறவர் ஒருவர், பதினான்கு மணி நேரம் வழி கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார். எந்த ப்ளூடூத்தும் அவரோடு அத்தனை நேரம் விழித்திருக்காது. என்னைப் போலக் கண் தெரியாத மூன்று பேர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தத் தாமதத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்புறம் ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு அம்மா. துணி வெட்டும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். இப்போது கை நடுங்குகிறது. ஒயர் இயர்போனையும் பழைய போனையும் கொடுத்து மாட்டச் சொன்னேன். உலோகத்தில் பின் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. டிக், டிக் என்று ஓட்டைக்குப் பக்கத்தில், மேலே, கீழே. நான்கு நிமிடம். நான் உதவட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். கடைசியில் கீழே வைத்துவிட்டார். ப்ளூடூத்தைக் கொடுத்தேன். அதைக் காதில் வைத்துக்கொண்டதும் பேத்தியின் குரல் பேசியது. அந்த அம்மா சொன்னது பதிவில் இருக்கிறது: “ஒயரு வச்சதா இருந்தப்பெல்லாம் யாராவது வந்து மாட்டிவிடணும்னு உக்காந்திருப்பேன். இப்ப நானே பேசிக்கிறேன்.”

யாராவது வந்து மாட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்யும்போது அந்த அம்மாவின் பதிவில் விரல் நின்றுவிட்டது. ஒன்றை விட்டாலும் முப்பத்து மூன்று இருக்கிறது, யாருக்கும் தெரியப் போவதில்லை என்று ஒரு குரல். எழுதிக்கொண்டிருந்தவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு முழுதாக எழுதினேன். அவரைப் போல ஐந்து பேர். ஒருவருக்கு மெஷினில் ஒயர் மாட்டி இழுத்ததில் காது மடல் கிழிந்திருக்கிறது. அதையும் எழுதியிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். நீ இன்னும் ஓட்டை வேண்டாம் என்கிற கட்சிதானா? பார், மறுபடியும் வந்துவிட்டது. திருத்திக் கேட்கிறேன்: நீ இப்போது என்ன நினைக்கிறாய்?

தம்பி


ஜூன் 20

ரேடியோவுக்கு,

நேற்றுக் கூட்டம் முடிந்தது.

உன் முப்பத்து நான்கு பேரை நான் படித்தேன். என் கருத்தைக் கேட்டபோது, எல்லோரும் பேசி முடித்த பிறகு சொல்கிறேன் என்றேன். ஒருவர், முப்பத்து நான்கு பேர் சொன்னதற்காக வடிவத்தை மாற்ற முடியுமா என்று கேட்டார். இப்போது அந்த மாடலின் பொறுப்பில் இருப்பவர்தான் பதில் சொன்னார், நான் இல்லை: “போன தடவை ஒருத்தர் சொன்னதுக்காக மாத்தினோமே.” அதற்குப் பிறகு யாரும் எண்ணிக்கையைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு போன் வருகிறது. பெரியதில் ஓட்டை இல்லை. சிறியதில் உண்டு. தண்ணீர் புகாமல் இருக்க உள்ளே ஒரு ரப்பர் உறை போடுகிறார்கள். முழுக்க நம்ப முடியாது, முன்பைவிடப் பரவாயில்லை. நீ கேட்டதற்கு உண்மையான பதில்: பெரியதில் அது இல்லாததே நல்லது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். சிறியதில் அது இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். எல்லாவற்றில் இருந்தும் எடுத்துவிடலாம் என்று இரண்டு வருடத்துக்கு முன் கையெழுத்துப் போட்டது நான்தான். அது தப்பு.

இன்னொன்று. வெளியே போய்விட்ட எட்டு லட்சம் போனில் ஓட்டை போட முடியாது, ஆனால் புத்தி சொல்லலாம் அல்லவா? காதில் இருப்பது அணைந்தால் ஒரு நொடியில் போன் தானே உரக்கப் பேசும், கடைசியாகச் சொன்னதைத் திரும்பவும் சொல்லும். திரை நனைந்திருந்தால், பக்கவாட்டுப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் அழைப்பை எடுக்கலாம். அடுத்த வாரம் இந்த மென்பொருள் மாற்றம் உன் போனுக்கும் வந்து சேரும். இதை எழுதியது நானும் இன்னொரு பெண்ணும். இதை நான் ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று என்னைக் கேட்காதே. தினமும் நானே கேட்டுக்கொள்கிறேன்.

பொறுப்பு போனதில் வருத்தம் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் அந்த மாடலின் வேலை நடக்கும் அறையைத் தாண்டி என் மேசைக்குப் போவது இன்னும் பழகவில்லை.

என் மருமகள் எப்படி இருக்கிறாள்? இப்போது அவளை யார் கூட்டி வருகிறார்கள்?

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

உன் புத்தி என் போனுக்கு வந்து சேர்ந்தது. சோதித்துப் பார்ப்போம் என்று பேருந்தில் ப்ளூடூத்தை அணைத்தேன். ஒரு நொடிதான். மார்க்கெட் நிறுத்தம் என்று ஊருக்கே தண்டோரா போட்டது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து இறங்கியே போய்விட்டார்.

போன வாரம் என் மனைவி ஐந்து நாள் லீவு போட்டு, பள்ளிக்கூடம் வரைக்கும் எனக்குப் பின்னால் இருபதடி தள்ளி வந்தாள். உதவக் கூடாது, வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம். இரண்டாவதுதான் அவளுக்குக் கஷ்டம். மூன்றாம் நாள் வேண்டுமென்றே ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு டீச்சரிடம் போய், இவ்வளவு நாள் செய்ததே பெரிய உதவி, திங்கள்கிழமையில் இருந்து அவரே கூட்டி வருவார் என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்ததும் என் சட்டையை இஸ்திரி போட்டுவைத்தாள்.

திங்கள்கிழமை மூன்று இருபதுக்குக் கேட்டருகே நின்றேன். காவலாளி என் தோளைத் தட்டினார். குட்டி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் விரலைப் பிடிப்பாள். அன்று மணிக்கட்டைப் பிடித்தாள், இறுக்கமாக.

அக்கா, அந்த மழை நாளில் நான் அவளிடம் என்ன கேட்டேன் என்று அப்போதுதான் நினைவு வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, ‘பயப்படலைதானே?’ என்று கேட்டேன். அவள் இல்லை என்றாள். வீட்டில் அவள் அம்மாவும் அதையே கேட்டாள். அதற்கும் இல்லை. ஐந்து மாதமாக எல்லோரும், சமர்த்து, பயப்படவே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நடைபாதையில் ஓர் ஓரமாக நின்றேன். குனிந்து கேட்டேன்.

“அன்னைக்கு மழையில நின்னியே, எப்படி இருந்துச்சு?”

அவள் மூச்சை இழுத்தது கேட்டது. நான் அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

“ரொம்பப் பயமா இருந்துச்சுப்பா,” என்றாள்.

அப்புறம் சொல்லத் தொடங்கினாள். முதலில் எண்ணிக்கொண்டே நின்றாளாம், நூறு எண்ணுவதற்குள் அப்பா வந்துவிடுவார் என்று. நூறு முடிந்ததும் மறுபடி ஒன்றில் இருந்து. காவலாளித் தாத்தா குடை கொடுத்தாராம். அதில் மழை விழும் சத்தத்தில் அப்பாவுக்குத் தன் குரல் கேட்காது என்று வாங்கவில்லையாம். நான் எங்கேயோ விழுந்துவிட்டேன் என்று நினைத்தாளாம். அழுததை யாரும் பார்க்கவில்லை, மழையில் தெரியவில்லை என்றாள். நான் வந்த பிறகு ஏன் சொல்லவில்லை என்றால், நான் நடுங்கிக்கொண்டிருந்தேனாம்.

வீடு வந்துவிட்டது, அவள் முடிக்கவில்லை. கதவைத் திறக்காமல் வாசற்படியிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மிச்சத்தையும் கேட்டேன்.

தம்பி